குழாய்க்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு சாண் காற்று

சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் நுனியிலிருந்து விழுந்து, ஒரு சாண் தூரம் காற்றில் இறங்கி, பாத்திரத்தில் சேர்கிறது. அந்த ஒரு சாண் இடைவெளியை யாரும் பொருட்படுத்துவதில்லை. குடம் வைக்கவும் கை நுழைக்கவும் விட்ட இடம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக் குடிநீர் அமைப்பில் அதைவிட நம்பகமான காவல் வேறில்லை. அது தேயாது, மின்சாரம் கேட்காது, பழுதாகாது. சிங்க்கில் எவ்வளவு எச்சில் தண்ணீர் தேங்கி நின்றாலும், அந்தக் காற்றைத் தாண்டிக் குழாய்க்குள் ஏற வழியே கிடையாது. குழாயின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு, குறைந்தது ஓர் அங்குலம் காற்று நடுவே இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழாய் விதிகள் எழுத்திலேயே சொல்கின்றன.

அதே குழாயில் ஒரு இயந்திரத்தை மாட்டும்போது இந்தக் காற்று காணாமல் போகிறது. சமையல் மேடைமேல் ஆர்.ஓ., பக்கத்தில் சின்னதாக ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரம் என்று நம் வீடுகளில் இணைப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. குழாய் நுனியிலோ அதன் அடியிலோ ஒரு டியூப் ஏறி நேராக இயந்திரத்தின் வயிற்றுக்குள் போகிறது. தண்ணீர் விழுந்து முடியும் இடமாக இருந்த குழாய், இப்போது தண்ணீர் இரண்டு பக்கமும் போகக்கூடிய சந்திப்பாக மாறிவிட்டது. இணைத்துக் கொடுப்பவர் ‘ஒழுகவில்லை’ என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். ஒழுகாதது முதல் பரீட்சை மட்டுமே.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வரலாறே தண்ணீர் இணைப்பின் வரலாறுதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரன் தன் இயந்திரத்துக்கு 1886-இல் காப்புரிமை வாங்கினார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. பெரிய ஓட்டல்கள் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. அதற்குத் தேவையான அளவு வெந்நீரை அன்றைய வீட்டுக் கொதிகலன்களால் தர முடியவில்லை. இயந்திரம் தயாராக இருந்தும், அதற்குத் தண்ணீர் கொடுக்க வீட்டுச் சமையலறை தயாராகவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் சக்கரம் வைத்த இயந்திரங்கள் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தன. வேண்டும்போது சிங்க் அருகே தள்ளி வந்து, குழாய் நுனியில் டக்கென்று மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி மூலையில் நிறுத்திவிடலாம். சுவரை உடைக்க முடியாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய வரம்.

அந்த இணைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். குழாய் நுனியில் சல்லடை மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கும். தண்ணீரில் காற்றைக் கலந்து, தெறிக்காமல் விழச் செய்வது அதுதான். அதைத் திருகிக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஒரு பித்தளைக் காம்பைப் பொருத்துகிறார்கள். இயந்திரத்திலிருந்து வரும் தலைப்பகுதி அந்தக் காம்பின்மேல் பூட்டிக்கொள்கிறது. தலைப்பகுதிக்குள் இரண்டு வழிகள்: ஒன்றில் நல்ல தண்ணீர் உள்ளே போகும், இன்னொன்றில் கழுவிய தண்ணீர் வெளியே வந்து சிங்க்கில் கொட்டும். பக்கவாட்டில் ஒரு பொத்தான். கழற்றும் முன் அதை அழுத்தி உள்ளே அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் முகத்தில் பீய்ச்சும்.

நம் ஊர் ஆர்.ஓ. இணைப்பு இதைவிட எளிமையானது. அரை அங்குலக் குழாய் லைனில் ஒரு ‘டி’, அதில் சின்ன வால்வு, அங்கிருந்து கால் அங்குல வெள்ளை டியூப். டியூபை உள்ளே தள்ளினால் பிடித்துக்கொள்ளும் ஃபிட்டிங்குக்குள் நுண்ணிய உலோகப் பற்கள் கொண்ட ஒரு வளையமும், அதற்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையமும் இருக்கின்றன. டியூபை வெளியே இழுக்க இழுக்கப் பற்கள் இன்னும் ஆழமாகக் கவ்வும். கழற்ற வேண்டுமானால் வளையத்தின் விளிம்பை உள்ளே அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். இதில் எல்லாம் டியூபின் வெட்டில் இருக்கிறது. கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிய டியூப் ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், துளித் துளியாகக் கசியும். நேராக வெட்டிய டியூப் பல வருடம் அசையாது. விட்டம் சின்னதாக இருப்பதும் ஒரு பலம். ஒரே அழுத்தத்தில் குழாய் எவ்வளவு ஒடுங்கலாக இருக்கிறதோ, அவ்வளவு குறைவாகத்தான் அதன் சுவர் இழுபடும். அதனால்தான் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் பல பார் அழுத்தத்தைச் சுமக்கிறது.

குழாய் நுனியில் மாட்டுவதா, அடியிலேயே பிரித்தெடுப்பதா என்பது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. சாதாரணக் குழாயில், திறந்து மூடும் வால்வுக்கு அப்பால் இருக்கும் வளைந்த கழுத்து எப்போதும் திறந்த பகுதி. தண்ணீர் ஓடும்போதும் அங்கே அழுத்தம் சொற்பம்தான், நுனி திறந்திருக்கிறதே. அந்தக் கழுத்தின் மூட்டும் அதிலுள்ள ரப்பரும் அதற்கேற்ற கணக்கில் செய்யப்பட்டவை. நுனியில் இயந்திரத்தை மாட்டி, குழாயைத் திறந்தே வைத்துவிட்டால், இயந்திரம் தன் உள்வால்வை மூடும் ஒவ்வொரு முறையும் லைனின் முழு அழுத்தமும் கழுத்தில் வந்து நிற்கும். இரவு முழுவதும் அப்படியே விட்டுவைத்தால் மூட்டிலோ டியூபிலோ எது பலவீனமோ அது முதலில் விடும். அடியிலேயே பிரித்தெடுத்தால் கழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. என் ஓட்டு அடியில் பிரிப்பதற்குத்தான், அதுவும் கைக்கு எட்டும் இடத்தில் தனி வால்வோடு. ஊருக்குப் போகும்போது அந்த வால்வை மூடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும்.

வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாயில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கைப்பிடி நடுவில் இருந்தால் கீசர் லைனும் சாதா லைனும் குழாயின் உடலுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும். நுனி திறந்திருக்கும்வரை இரண்டும் கலந்து வெளியே விழும், பிரச்சினை இல்லை. நுனியில் மாட்டிய இயந்திரம் தண்ணீரை நிறுத்திவிட்டால் வெளியே போக வழி கிடையாது. அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் யாராவது சாதாக் குழாயைத் திறந்தால் அந்த லைனில் அழுத்தம் குறையும். வெந்நீர் சமையலறைக் குழாயின் உடல் வழியாகக் குறுக்கே புகுந்து சாதா லைனுக்குள் ஓடும். குளியலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாயிலிருந்து வெதுவெதுப்பாக வருகிறதே என்று பலர் கீசரைச் சந்தேகிப்பார்கள். காரணம் சமையலறையில் இருக்கும். ஆர்.ஓ. இருக்கும் வீட்டில் இது வெறும் வேடிக்கை அல்ல. வீட்டு ஆர்.ஓ.வின் சவ்வுகளான மெம்ப்ரேன்கள் பொதுவாக 45 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். அதைவிடச் சூடான நீர் உள்ளே போனால் மெம்ப்ரேன் கெடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இனி அழுத்தத்தின் கணக்கு. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடித் தொட்டிக்கும் சமையலறைக் குழாய்க்கும் 3 மீட்டர் வித்தியாசம் என்றால் 0.3 பார்தான். குழாய் எத்தனை அகலமானாலும் இந்த எண் மாறாது. அகலம் கூடினால் ஓட்டம் கூடும், நிற்கும்போது உள்ள அழுத்தம் கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரங்களில் பல குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கும். அடுக்குமாடியில் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடிக்காரர்தான் இதில் அடிபடுகிறவர். கீழ் வீட்டில் சரியாக ஓடும் அதே இயந்திரம் மேல் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடும்.

ஆர்.ஓ.வுக்கு இந்த அழுத்தம் அறவே போதாது. உப்பு கரைந்த நீரைச் சவ்வு வழியே எதிர்த்திசையில் தள்ள வேண்டுமானால் முதலில் அந்த நீரின் சவ்வூடு அழுத்தத்தை வெல்ல வேண்டும். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு உள்ள போர் தண்ணீருக்கு அது சுமார் 0.7 பார், கடல் நீருக்கு 27 பார் வாக்கில். வெறுமே வென்றால் மட்டும் போதாது, வேண்டிய வேகத்தில் நீர் கசிய இன்னும் பல மடங்கு தேவை. அதற்காகத்தான் பெட்டிக்குள் பூஸ்டர் பம்ப் இருக்கிறது. 1960 வாக்கில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவரும் மேலே மிக மெல்லிய தோலும் கீழே நுரை போன்ற உடலும் கொண்ட சவ்வைச் செய்து காட்டிய பிறகுதான், தாங்கக்கூடிய அழுத்தத்தில் பயன்படும் அளவுக்கு நீர் கிடைத்தது. இன்று வீட்டில் சாதாரணமாக இருக்கும் நாளுக்கு 75 கேலன் மெம்ப்ரேன் நன்றாக ஓடினால் மணிக்கு 12 லிட்டர் போலத் தரும். அதைவிடக் கூடுதலான நீர் கழிவு டியூபில் வெளியேறும். அந்த டியூப் எங்கே போய் முடிகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சில வீடுகளில் இயந்திரம் தண்ணீரை நிறுத்தும்போது சுவருக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கையால் திருகி மூடும் குழாய் மெதுவாக மூடுகிறது. இயந்திரத்தின் சோலனாய்டு வால்வு கண்சிமிட்டும் நேரத்தில் மூடுகிறது. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று நிற்க வேண்டியிருப்பதால் அதன் வேகம் அழுத்தமாக மாறிக் குழாய் நெடுக அலையாகப் பாய்கிறது. 1897-98இல் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்கள் வெடித்தபோது நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி இதை அளந்து சூத்திரமாக்கினார். பின்னாளில் ரஷ்ய விமானவியலின் தந்தை என்று பெயரெடுத்தவர் அவர். நீரின் வேகம், அந்த அலையின் வேகம், நீரின் அடர்த்தி மூன்றையும் பெருக்கினால் அழுத்த உயர்வு கிடைக்கும். அரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் நீரின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் போல. பிளாஸ்டிக் குழாயில் அலை விநாடிக்கு 400, 500 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் 2 பாருக்கு மேல் வருகிறது. நிற்கும்போது 0.3 பார் மட்டுமே இருக்கும் லைனில் ஒரு நொடிப்பொழுது ஏழெட்டு மடங்கு அழுத்தம்! இரும்புக் குழாயில் அலை இன்னும் வேகம், அதனால் அடியும் பலமாக விழும். சுவரோடு இறுகப் பிடிக்காத குழாய்தான் அப்படிச் சத்தம் போடுகிறது. கிளாம்ப் போட்டு நிறுத்துவது பாதி வைத்தியம்.

இப்போது அந்த ஒரு சாண் காற்றுக்கு வருவோம். மண்ணெண்ணெய் பேரலில் டியூபை விட்டு வாயால் ஒரு இழுப்பு இழுத்தால் எண்ணெய் தானாக மேலேறி வந்து கீழே ஊற்றும். வீட்டுக் குழாயிலும் அது நடக்கும், இழுக்க வாய்கூட வேண்டாம். மாடி வீட்டில் துணி ஊற வைத்த பக்கெட்டுக்குள் ஹோஸ் முங்கிக் கிடக்கிறது, அந்தக் குழாய் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி கழுவுவதற்காக மொட்டை மாடியில் கேட் வால்வை மூடுகிறார்கள். அந்த நேரத்தில் கீழ் வீட்டில் ஒருவர் குழாயைத் திறக்கிறார். செங்குத்துக் குழாயில் நிற்கும் நீர்த்தூண் கீழே இறங்கும்போது தனக்குப் பின்னால் வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அதை நிரப்பக் காற்றுக்கு வழியில்லை, வழியிருப்பது பக்கெட்டில் முங்கிய ஹோஸுக்குத்தான். சோப்புத் தண்ணீர் ஹோஸில் ஏறி, குழாயைக் கடந்து, கீழ் வீட்டுக் குழாயில் நுரையோடு வரும். ஹோஸின் நுனி பக்கெட்டுக்கு மேலே தொங்கியிருந்தால் வெறும் காற்றுதான் உள்ளே போயிருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பக்கெட்டின் இடத்தில் எச்சில் தண்ணீர் நிரம்பிய இயந்திரத்தை வைத்துப் பாருங்கள், ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது புரியும். குடிநீர்க் குழாயும் அழுக்கு நீரும் எங்கோ ஓரிடத்தில் தொடர்பு கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சிகாகோ நகரம் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1933-இல் அங்கே இன்னொரு உலகக் கண்காட்சி. பார்க்க வந்தவர்கள் தங்கிய இரண்டு ஓட்டல்களில் குழாய் அமைப்பே பழுது. குடிநீரில் கழிவுநீர் கலந்து அமீபா வயிற்றுக்கடுப்பு பரவியது. நோய் வெளிப்பட நாட்கள், வாரங்கள் ஆனதால் விருந்தினர்கள் ஊர் திரும்பிய பிறகு தனித்தனி நகரங்களில் படுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே தாமதமானது. ஏறத்தாழ 1400 பேர் பாதிக்கப்பட்டார்கள், 98 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் குறுக்கு இணைப்புகள் பற்றிய விதிகள் இறுகியதில் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊர்க் குழாய்களில் இந்த ஆபத்து குறைவு என்று சொல்ல முடியாது. தெருக் குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் நிற்பதில்லை. விட்டு விட்டு வரும் தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது, சுற்றியுள்ள மண்ணின் ஈரம் விரிசல்கள் வழியே உள்ளே வரும். போதாததற்குத் தெரு லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அது பக்கத்து வீட்டுத் தண்ணீரோடு பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். அப்படிப்பட்ட லைனில் இயந்திரத்தை நேராக மாட்டவே கூடாது. கீழ்த்தொட்டி, மேல்தொட்டி என்று ஏற்றி இறக்கும் நம் வழக்கம் இந்த இடத்தில் நன்மை செய்கிறது. தொட்டிக்குள் தண்ணீர் மேலிருந்து விழும்போது அங்கே மறுபடியும் அந்தக் காற்று இடைவெளி வந்துவிடுகிறது.

மொட்டை மாடிக்குப் போனால் தொட்டியின் பக்கத்தில், அதைவிட உயரமாக, முனை வளைந்து நிற்கும் ஒரு வெறும் பைப்பைப் பல வீடுகளில் பார்க்கலாம். ஏர் பைப் என்பார்கள். லைனில் காற்று அடைத்துக்கொள்ளாமல் இருக்க வைத்தது என்று பிளம்பர் சொல்வார், சரிதான். கேட் வால்வுக்குக் கீழே அது பொருத்தப்பட்டிருந்தால் இன்னொரு வேலையும் செய்கிறது: வால்வை மூடிவிட்டுக் கீழே குழாயைத் திறந்தால், வெற்றிடம் உண்டாகும் முன் அந்தப் பைப் வழியே காற்று இறங்கிவிடும், மாடி வீட்டுப் பக்கெட்டை எதுவும் உறிஞ்சாது. பழைய கொத்தனார்களும் பிளம்பர்களும் தலைமுறையாகச் செய்துவந்த நல்ல காரியம் இது. இப்போது ஷவருக்கும் இயந்திரங்களுக்கும் அழுத்தம் போதவில்லை என்று மாடியில் பிரஷர் பம்ப் வைக்கிறார்கள். பம்ப் தள்ளும் தண்ணீர் ஏர் பைப் வழியே கொட்டும் என்பதால் முதல் வேலையாக அதை அடைத்துவிடுகிறார்கள். அடைக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் வீட்டில் இயந்திரங்கள் கூடுகிற அதே நாளில், அவற்றிலிருந்து நீர் திரும்பி வராமல் காத்துக்கொண்டிருந்த பைப்பும் போய்விடுகிறது. பம்ப் வைப்பவரிடம் காற்றை மட்டும் உள்ளே விடும் வால்வு ஒன்றை அந்த இடத்தில் போடச் சொல்ல வேண்டும். கூடவே ஒவ்வொரு இயந்திரத்தின் இணைப்பிலும் ஒரு என்.ஆர்.வி. இருக்க வேண்டும்.

நான்-ரிட்டர்ன் வால்வு என்பதைத்தான் என்.ஆர்.வி. என்று சொல்கிறோம். உள்ளே ஒரு சின்ன அடைப்பு, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங், ஒரு ரப்பர் வளையம். முன்னால் வரும் நீர் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கும், திரும்ப வரும் நீர் தானே அடைப்பை இறுக்கி மூடிக்கொள்ளும். உடலில் அம்புக்குறி போட்டிருக்கும், மாற்றிப் பொருத்தினால் தண்ணீரே வராது. அதன் எதிரி மணல். ஒரே ஒரு மணல் ரப்பருக்கும் அடைப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் வால்வு முழுதாக மூடாது, முன்னோட்டத்தில் எந்தக் குறையும் தெரியாது. போர் தண்ணீர் வீடுகளில் அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி அவசியம். நல்ல பாத்திரம் கழுவும் இயந்திரங்கள் இந்த ஒரு வால்வை மட்டும் நம்பியிருப்பதில்லை. உடலின் பக்கவாட்டிலுள்ள பிளாஸ்டிக் அறைக்குள் உள்வரும் நீரைக் காற்றில் சிறிது தூரம் தாவ விட்டுத்தான் தொட்டிக்குள் எடுத்துக்கொள்கின்றன. சிங்க் மேலிருந்த இடைவெளியைப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

இணைப்பையே தவிர்க்கவும் ஒரு வழி உண்டு. ஜப்பானில் சிறிய வாடகைச் சமையலறைகளில் மேடைமேல் வைக்கும் இயந்திரங்கள் வெகுகாலமாக உண்டு. குழாயின் உடலிலேயே கிளை பிரிக்கும் தனி உறுப்பு ஒவ்வொரு குழாய் மாதிரிக்கும் வேறு வேறாக விற்கிறது. சரியான மாதிரி கிடைக்காமல், வீட்டுக்காரரின் அனுமதியும் கிடைக்காமல் திண்டாடியவர்களுக்காக, ஜாடியால் மேலே தண்ணீர் ஊற்றும் தொட்டி வகை இயந்திரங்கள் அண்மைக் காலத்தில் அங்கே நன்றாக விற்கின்றன. நம் ஊரிலும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஒவ்வொரு முறையும் சில லிட்டர் ஊற்றுவது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் திரும்பி வரும் நீர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக, முன்பு விட்டுவைத்த ஆர்.ஓ. கழிவு டியூப். அதைப் பல வீடுகளில் சிங்க் அடியிலுள்ள கழிவுக் குழாயில் துளை போட்டு உள்ளே செருகிவிடுகிறார்கள். அந்தக் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டால் டியூபின் நுனி சாக்கடை நீரில் முங்கும். மெம்ப்ரேனின் ஒரே பக்கத்தில்தான் உள்வரும் நீரும் கழிவு நீரும் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் சவ்வு கிடையாது, ஓட்டத்தைக் குறைக்கும் ஒரு நுண்துளை மட்டுமே. அந்த டியூபை வெளியே எடுத்து, சிங்க் விளிம்பில் ஒரு கிளிப் போட்டு, நுனி காற்றில் தொங்கும்படி விடலாம். பக்கெட்டில் பிடித்துப் பாத்திரம் தேய்க்கவும் தரை துடைக்கவும் எடுத்துக்கொள்கிறவர்கள், பக்கெட் நிரம்பும் மட்டத்துக்கு மேல் இரண்டு விரற்கடையாவது டியூபை உயர்த்திக் கட்டிவிட வேண்டும்.